ஆக்னெஸ் அம்மாளுக்காக ஒரு முழுக்கு

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் மே மாதம் ஹைதராபாத் உப்பலில் குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வந்தது. அதுவும் முக்கால் மணி நேரம். புறவாசலில் இருந்த சிமெண்டுத் தொட்டியைத் திரிபுரசுந்தரி தகரத்தால் மூடி, தகரத்தின்மேல் ஒரு கருங்கல்லையும் தூக்கி வைத்திருந்தாள். அந்தக் கல்லை நகர்த்திவிட்டு, ஒரு வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அவள் புருஷன் உமாசங்கர் செம்பு செம்பாகத் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். உடுத்திய வேட்டியோடும் சட்டையோடும்.

சுந்தரி முன்னறையில் பக்கத்து வீட்டு ரெட்டியம்மாவின் மாம்பழக் கலர் சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் முகம் கழுவுகிறார் என்று நினைத்தாள். நாலு செம்பு வரை பொறுத்தாள். ஐந்தாவது செம்புக்கு ஊசியைச் சேலையில் குத்தி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

"என்ன இது? நாளைக்குக் காலைல சோறு பொங்க வேண்டாமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு செம்பு ஊற்றினார்.

"உடுத்தின துணியோட முழுகுதீய. யாரு தவறிட்டா? ஊருல இருந்து போன் வந்துச்சா?"

"ஊரு இல்ல. தெரிஞ்சவங்க."

"எனக்குத் தெரியாம யாரு உங்களுக்குத் தெரிஞ்சவங்க? ஃபாக்டரி ஆளா?"

"இல்ல."

"ஆம்பளையா பொம்பளையா?"

உமாசங்கர் பொய் சொல்லப் பழகாதவர். சொல்லாமல் இருக்கத்தான் பழகியவர். செம்பைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு, "பொம்பளை" என்றார்.

சுந்தரி கல்லைத் தூக்கித் தகரத்தின்மேல் திரும்ப வைத்தாள். அவள் சித்தி கடையத்தில் இறந்தபோது இதே மனிதர் என்ன சொன்னார் என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. "எங்க சித்தி போனப்ப, அங்க செத்தவளுக்கு இங்க இருந்துக்கிட்டு எதுக்கு முழுக்குன்னு கேட்டீயளே. இவ எந்த ஊருக்காரி?"

"தூரம்" என்று சொல்லிவிட்டு அவர் ஈரத்தோடு உள்ளே போனார். துணி மாற்றிக்கொண்டு, விபூதி பூசிக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

இருபத்தேழு வருஷமாக அவள் பார்த்த முதுகு அது. அம்பாசமுத்திரத்திலிருந்து கல்யாணமாகி, மொழி தெரியாத ஹைதராபாதுக்கு ரயிலில் வந்த அன்றைக்கும் அப்படித்தான் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அரசாங்க எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில் கடிதப் பிரிவில் வேலை. வருகிற கடிதங்களுக்கு எண் போட்டு, பதில் எழுதி, நகல் எடுத்து ஃபைலில் சேர்ப்பதுதான் வாழ்நாள் தொழில். சொல்ல வேண்டியதையெல்லாம் அங்கேயே எழுதித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வெறும் ஆளாக வருகிறார் என்று சுந்தரி எடுத்துக்கொண்டாள். போன வருஷம் ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டேன் என்று வந்து நின்றார். கையில் ஒரு சால்வையும் சுவர்க் கடிகாரமும். எல்லாரும் நல்லபடியாகப் பேசினார்கள் என்றார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் தினமும் காலையில் ஜகதீசன் கடைக்குப் போய் வந்தார். ஜகதீசன் ஈரோட்டுக்காரன், அதே தொழிற்சாலையில் அதே ஓய்வை வாங்கி, வந்த பணத்தில் நாலு கம்ப்யூட்டர் போட்டு இன்டர்நெட் சென்டர் நடத்தினான். மகள் மஹதிக்கு வரன் பார்ப்பதற்காக அப்பா பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கியிருந்தார்கள். ஜாதகம் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்துவர அவர் போகிறார் என்றுதான் வீட்டில் பேச்சு.

அவர் குறட்டை விடத் தொடங்கியதும் சுந்தரி பீரோவின் தலைமேல் கையை விட்டுத் துழாவினாள். அங்கே ஒரு ஃபைல் இருப்பது அவளுக்குத் தெரியும். பென்ஷன் காகிதம் என்று நினைத்து இதுவரை தொடாமல் இருந்தாள். பழுப்பு அட்டை, மூலையில் துளை போட்டு டேக் கயிறு. அட்டைமேல் அவருடைய உருண்டையான ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தது: மிஸஸ் ஆக்னெஸ் மார்ட்டின், கடிதப் போக்குவரத்து.

பல வருஷம் கழித்து, அவர் காலமான பிறகு, எத்தனையோ காகிதங்களை அவள் பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டாள். இந்த ஃபைலைப் போடவில்லை. பிரியத்தினால் என்று சொல்ல முடியாது. இன்னொரு கைக்குப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

ரெட்டியம்மாவின் சேலையை மடியில் போட்டுக்கொண்டு, அதன் மறைவில் ஃபைலைப் பிரித்தாள். அவள் பி.யூ.சி. வரை படித்தவள். ஆங்கிலம் மெதுவாக வாசிப்பாள். தெரியாத சொல்லுக்கு மஹதியின் அகராதி இருந்தது. வந்த கடிதங்கள் அச்சடித்த தாள்கள். இவர் எழுதிய கடிதங்களின் நகல்கள் ஒரு பக்கம் அச்சடித்த பழைய காகிதத்தின் பின்பக்கத்தில், அடித்துத் திருத்தி, கையால் எழுதியவை. எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் எண்.

முதல் கடிதம் ஆக்னெஸுடையது. ஆப்பிரிக்காவில் அபிஜான் என்ற ஊரில், ஆஸ்பத்திரியில் தொண்டைப் புற்றுநோயோடு கிடக்கிறாளாம். கணவன் கொக்கோ வியாபாரி, விபத்தில் போய்விட்டான். பிள்ளை இல்லை, உறவு இல்லை. வங்கியில் எண்பத்துநாலு லட்சம் டாலர் கேட்பாரற்றுக் கிடக்கிறது. முன்பின் தெரியாத ஒரு நல்லவரை வாரிசாக நியமித்துவிட்டுச் சாகப் பிரார்த்தனை செய்தபோது உமாசங்கரின் பெயர் கிடைத்ததாம்.

இவர் பதில் எழுதியிருந்தார். தங்கள் கடிதம் வரப்பெற்றோம். தங்களுக்கும் எமக்கும் உறவில்லை ஆதலால் மேற்படி தொகையைப் பெற எமக்கு உரிமையில்லை. உள்ளூர் அநாதை இல்லம் ஒன்றுக்குத் தரலாம். தொண்டைக்கு மஞ்சள் போட்ட வெந்நீர் கொப்பளிக்கவும்.

சுந்தரிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. அடுத்த தாளில் சிரிப்பு நின்றுவிட்டது. ஆக்னெஸ் எழுதியிருந்தாள்: அன்புச் சகோதரரே, மருந்தைவிட உங்கள் கடிதம் இதமாக இருந்தது. இன்றைய பொழுதை எப்படிக் கழித்தீர்கள்? எனக்குச் சொல்லுங்கள்.

அவர் சொல்லியிருந்தார். பதினோரு மாதமாகச் சொல்லியிருந்தார்.

ஓய்வு வாங்கியது ஏப்ரல் கடைசியில் இல்லை, மார்ச் முப்பத்தொன்றாம் தேதி. அதைப் பெண்டாட்டியிடம் சொல்ல வாய் வராமல் இருபது நாள் வழக்கம்போல் ஏழே முக்காலுக்குக் கிளம்பி, செகந்திராபாத் ஸ்டேஷனில் ஒன்றாம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, அவள் கட்டிக் கொடுத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பியிருக்கிறார். அது நாலாவது கடிதம். கடைசி நாள் சைக்கிள் ஸ்டாண்டில் நின்று அழுதது பன்னிரண்டாவது. ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒன்று இருந்தது. இன்று என் மனைவி சொதி வைத்தாள். தேங்காய்ப் பாலில் காய்கறி போட்டுச் செய்யும் குழம்பு. இஞ்சித் துவையலோடு சாப்பிட வேண்டும். எங்கள் ஜில்லாவில் எத்தனையோ கல்யாண வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன்; இதுபோல் யாருக்கும் கைவராது. முதல் பாலை எப்போது ஊற்றுவது என்பது அவளுக்கு மட்டும் தெரிகிறது.

இருபத்தேழு வருஷத்தில் சொதியைப் பற்றி அவர் சொன்ன ஒரே சொல் "உப்பு சரியாயிருக்கு" என்பது.

பத்தொன்பதாவது கடிதத்தில் அவள் அகராதியை மூடிவிட்டாள். அதற்கு அகராதி வேண்டியிருக்கவில்லை. என் மனைவி தைக்கும்போது தன்னையறியாமல் பாடுவாள். நான் கேட்பது தெரிந்தால் நிறுத்திவிடுவாள். அதனால் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பக்கம் திருப்பாமல் இருப்பேன்.

தன் பாட்டை எவளோ ஒருத்தி, கடல் தாண்டி, கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். இவள் வீட்டுச் சொதியில் விரலை விட்டு நக்கியிருக்கிறாள். இவள் கட்டிய டப்பாவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். சகோதரராம். சுந்தரி அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தாள். கல்யாணமான புதிதில்கூட அவளுக்கு இப்படிப் பொறாமை வந்ததில்லை. அவர் ஏறிட்டுப் பார்க்கிற ஆளாக இருந்தால்தானே வருவதற்கு.

நடுவில் இருந்தவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்த கடைசி மூன்று தாள்கள் சின்னவை. பணத்தை மாற்றுவதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும், அதற்கு ஆயிரத்து எண்ணூற்றைம்பது டாலர் அனுப்புங்கள் என்று ஆக்னெஸ் கேட்டிருந்தாள். இயலாமைக்கு வருந்துகிறோம், பொழுது எப்படிப் போகிறது என்று எழுதவும் என இவர் பதில் போட்டிருந்தார். பிறகு யாரோ ஒரு வக்கீல்: திருமதி ஆக்னெஸ் செவ்வாய்க்கிழமை காலமானார். சான்றிதழ்க் கட்டணத்தை இனி என் பெயருக்கு அனுப்பவும். அந்தத் தாளில் சிவப்பு எண் இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு சுந்தரி ஜகதீசன் கடைக்குப் போனாள். ஷட்டர் வைத்த ஒற்றை அறை, பிளைவுட் தடுப்புகள், உஷ்ணக் காற்றைச் சுற்றிச் சுற்றி அனுப்புகிற ஒரு மின்விசிறி. ஜகதீசன் பிரிண்டருக்குள் மாட்டிய காகிதத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க்கா. இந்த வெயில்ல எதுக்குங்க நடந்து வந்தீங்க? போன் பண்ணியிருக்கலாமில்லீங்க."

"ஆக்னெஸ் எப்படிச் செத்தா?"

அவன் காகிதத்தை விட்டுவிட்டான். பிறகு அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"செத்துப் போச்சுங்களா? பாவம். அக்கா, கோவிச்சுக்காதீங்க. உப்பல் பூராவும் இந்த லெட்டர் வந்துட்டிருக்குதுங்க. எனக்கே வந்துச்சு. எனக்கு வந்தவ பேரு மரியம், அவளுக்கு ஈரல்ல கேன்சர். மூணாவது கம்ப்யூட்டர்ல ஒரு மாஸ்டர் உக்காருவாரு, அவருக்கு ஒரு தளபதியோட சம்சாரம் எழுதறாங்க. அத்தனையும் ஏமாத்துங்க."

"அப்படி ஒருத்தி இல்லவே இல்லியா?"

"இல்லீங்க. நாலஞ்சு பயலுக ஒரு ரூம்ல உக்காந்துக்கிட்டு லட்சம் பேருக்கு அனுப்பறானுங்க. சிக்கறவங்ககிட்ட ஃபீஸு கீஸுன்னு கறப்பானுங்க."

"இது இவருக்குத் தெரியாதோ?"

"ரெண்டாவது நாளே சொல்லிட்டனுங்க்கா. நக்கோ பாய், நக்கோ, இதுக்கெல்லாம் பதில் போடாதீங்கன்னேன். அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே என்ன சொன்னாருங்கறீங்க? 'தெரியுது ஜகதீசா. ஆனா தபால்னு வந்துட்டா பதில் போடணும்லா'ங்கறாரு. முப்பது வருஷ சர்வீஸுங்க. பழக்கம் விடுமா?"

சுந்தரி குடையை மடக்கினாள், விரித்தாள். ஜகதீசன் இறங்கிய குரலில், "பணம் ஒரு பைசா போகலீங்க. அதை மட்டும் நான் பாத்துக்கிட்டேன். நிம்மதியாப் போங்க" என்றான்.

நிம்மதி எங்கிருந்து வரும். ஒருத்தி இருந்திருந்தால் அவளுக்கு ஒரு முகம் இருக்கும், வயசு இருக்கும், கறுப்போ சிவப்போ ஒரு நிறம் இருக்கும். வையலாம், சாபமிடலாம், செத்துவிட்டாள் என்று விட்டுவிடலாம். இப்போது யாரைப் பிடித்து உலுக்குவது? ரிங் ரோட்டிலிருந்து வீடு வரை தார் ரோடு செருப்பைப் பிடித்துப் பிடித்து விட்டது.

அன்று சாயங்காலம் மாதாப்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி மஹதி வந்தாள். கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றக்கூட விடாமல் சுந்தரி விஷயத்தைச் சொன்னாள். அப்பா அப்போது கோயிலுக்குப் போயிருந்தார்.

மஹதி தண்ணீரைக் குடித்துக்கொண்டே சிரித்ததில் புரையேறிவிட்டது. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வது சின்ன வயசிலிருந்து அவள் வழக்கம். "அம்மா, ஆமெ லேதம்மா. லேனி மனிஷி மீத ஜெலஸி ஏன்ட்டி?"

"இல்லாத ஆள்மேல பொறாமைப்படாம, நான் வேற யாருமேல படுவேன்? இல்லாதவளுக்கே இவ்வளவு எழுதுனாருன்னா, இருக்கவ என்ன பாவம் பண்ணேன்?"

"டாடிக்கு போர் அடிச்சுது. அதான். ஸ்பாம்மா அது. வெறும் ஸ்பாம்" என்றாள், அதையும் தெலுங்கில்தான்.

"உனக்கு ஏதாவது சொல்லியிருக்காரா? ஸ்டேஷன்ல உக்காந்து சாப்பிட்டத?"

மஹதி டம்ளரைக் கீழே வைத்தாள். "எந்த ஸ்டேஷன்?" என்று தமிழில் கேட்டாள்.

சுந்தரி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அதை மகளுக்குச் சொல்லக்கூட அவளுக்கு மனசு வரவில்லை. ஏற்கெனவே ஒருத்திக்குத் தெரிந்தது போதும்.

சனிக்கிழமை முழுவதும் அவள் பாடாமல் தைத்தாள். நாலு சேலை முடித்தாள். உமாசங்கர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, அப்புறம் மடித்து வைத்துவிட்டார். ஜகதீசன் கடைப் பக்கம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மஹதி குகட்பள்ளியில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். சுந்தரி உலையில் அரிசியைப் போட்டுவிட்டு ரசத்துக்குப் புளி கரைத்தாள். அடுக்களை நிலைப்படியில் உமாசங்கர் முறத்தை வைத்துக்கொண்டு பூண்டு உரித்தார். ஞாயிறு அவருக்கு அந்த வேலை உண்டு. தேங்காய் உடைக்கிற சத்தம் வராததை அவர் கவனித்திருக்க வேண்டும். இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னிக்கு ரசமா?"

"ரசந்தான். உப்பு சரியா இருக்கும்."

அவர் பூண்டை உரித்தார். அவளே ஆரம்பித்தாள்.

"ஃபைலப் பாத்தேன்."

"ம்."

"அது பொம்பளையே இல்லைன்னு ஜகதீசன் சொல்லுதான்."

"ம்."

"தெரிஞ்சேதான் எழுதுனீயளா?"

"தெரியும்."

"பின்ன எதுக்கு மூணு நாளைக்கு வச்சிருந்த தண்ணிய மொண்டு தலையில ஊத்துனீய?"

அவர் பூண்டுத் தோலை விரலில் வைத்து உருட்டினார். "லெட்டரு நின்னுபோச்சுல்லா. பதினோரு மாசம், இன்னிக்கு எப்படிப் போச்சு, எப்படிப் போச்சுன்னு கேட்டுது. எவனோ ஒருத்தன் கேட்டான்னே வச்சுக்கோ. கேட்டாம்லா."

"நான் கேக்கலியா?"

"நீ கேப்ப. கரண்டு பில்லு கட்டியாச்சா, பால்காரன் வந்தானான்னு."

சோறு கொதித்து மூடியைத் தள்ளியது. சுந்தரி அதை எடுத்து வைத்துவிட்டு, கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அவர் சொன்னது வெளியில் பார்த்தால் குற்றச்சாட்டு மாதிரி இல்லை. நாள், எண் எல்லாம் போட்டு ஃபைலில் சேர்க்கிற குரலில்தான் சொன்னார். அதனால்தான் அது அவளுக்குள் அப்படி இறங்கியது. அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்றும் ஒரு பக்கம் ஓடியது. கேட்டிருக்கலாம் என்றும் ஓடியது. எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஆக்னெஸ் இன்னும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சரி. இப்பக் கேக்கேன். சொல்லுங்க."

"என்னத்த?"

"என்னத்தையாவது. ஆனா அவகிட்டச் சொல்லாததா இருக்கணும்."

உமாசங்கர் அவளை நிமிர்ந்து பார்த்தார். விளையாட்டா கோபமா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

"செகந்திராபாத் ஸ்டேஷன்ல ஒரு போர்ட்டரு, பேரு யூசுப். தெனமும் ஒரு வாய்..."

"தயிர்ச் சோறு குடுத்தீய. ஆறாவது லெட்டர். வேற."

"எங்கய்யா என்னைய மொதல்ல வேலைக்குச் சேக்கும்போது..."

"ஒம்பது."

"சைக்கிள் ஸ்டாண்டுல..."

"பன்னெண்டு. அழுதீய. அத எங்கிட்ட வந்து அழுதிருக்கலாம். வேற சொல்லுங்க."

அவர் முறத்தைத் தள்ளி வைத்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். முப்பது வருஷம் எழுதிய மனிதருக்கு எழுதாமல் விட்டது என்று ஒன்று அகப்படவில்லை. சுந்தரி அவர் வாயையே பார்த்தாள். ஒன்றாவது இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லையென்றால் அவள் இந்த வீட்டில் ஃபால்ஸ் தைக்கிறவள், சோறு பொங்குகிறவள், அவ்வளவுதான் என்று ஆகிவிடும். குழாயடியில் காக்காய் ஒன்று வந்து வெறும் குழாயைக் கொத்திவிட்டுப் போனது.

"ஒண்ணு இருக்கு" என்றார் உமாசங்கர்.

"சொல்லுங்க."

"அந்த இருபது நாள்ல ஒரு நாள் டிக்கெட் பாக்கவன் பிளாட்பார டிக்கெட் கேட்டு எழுப்பிவிட்டுட்டான். பதினோரு மணிக்கே ரிங் ரோட்டுல வந்து எறங்கிட்டேன். வீட்டுக்கு வர முடியாதுல்லா. பஸ் ஷெல்டருக்குப் பின்னால நிக்கேன். எதுத்தாப்ல கேஸ் ஆபீஸு."

சுந்தரி அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"கேஸ் ஆபீஸுக்குப் பக்கத்துல ஒரு பஜ்ஜி வண்டி நிக்கும்லா. அங்க ஊதாச் சேலை கட்டிக்கிட்டு ஒருத்தி. அக்குளுக்குள்ள கேஸ் புஸ்தகம். கையில மிளகாய் பஜ்ஜி."

"யாரு?"

"காரம் தாங்காம ஸ்ஸு ஸ்ஸுன்னு ஊதுதா. தலைய ஆட்டுதா. வண்டிக்காரிகிட்டத் தெலுங்குல என்னமோ சொல்லிச் சிரிக்கா. அவளும் சிரிக்கா. வீட்டுல எண்ணெய்ப் பண்டம்னா நெஞ்சக் கரிக்குதுன்னு தொடவே மாட்டா. அங்க வச்சு விரலச் சூப்பிக்கிட்டு நிக்கா."

அடுக்களைச் சூட்டில் ஏற்கெனவே சிவந்திருந்த சுந்தரியின் முகம் காது வரை சிவந்தது. கரண்டியை மேடைமேல் வைத்தாள். பிறகு எதற்கென்று தெரியாமல் திரும்பவும் எடுத்தாள்.

"ஒளிஞ்சு நின்னு பாத்தீயளாக்கும்."

"மூணு பஸ்ஸு வந்துச்சு. ஏறல."

"இத அவளுக்கு எழுதலியா?"

"இல்ல."

"உண்மையாவா? ஃபைல்ல நடுவுல உள்ளது எல்லாத்தையும் நான் பாக்கல."

"எழுதல."

"ஏன் எழுதல?"

உமாசங்கர் முறத்தைத் தன் பக்கம் இழுத்து, உரிக்காமல் விட்ட பூண்டு ஒன்றை எடுத்தார். "அது எதுக்கு அவளுக்கு."

சோறு வடிக்கிற பதம் தாண்டிவிட்டது. சுந்தரி அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள், கை போகவில்லை. பிறகு முந்தானையால் பிடித்து இறக்கி, அவர் பக்கம் திரும்பாமலே, "என்னமோ வண்டியையே தின்னுட்ட மாதிரி சொல்லுதீய. ரெண்டுதான் தின்னேன்" என்றாள்.

"நாலு."

"நாலாவது வண்டிக்காரி அவளாக் குடுத்தது" என்றாள் சுந்தரி.